கையொப்பம் இல்லாத உயில்

போர்முனையில் நிற்கும் சிப்பாய் எழுதும் உயிலுக்குச் சாட்சிகள் வேண்டியதில்லை. முழுவதையும் அவனே தன் கைப்பட எழுதியிருந்தால் கையொப்பம்கூட வேண்டியதில்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 65, 66ஆம் பிரிவுகளில் இப்படிச் சொல்கிறது. ‘சலுகை உயில்’ என்று இதற்குப் பெயர். சட்டக் கல்லூரியில் எங்கள் ஆசிரியர் இந்த இரண்டு பிரிவுகளையும் கால் மணி நேரத்தில் கடந்து போய்விட்டார். அரை நூற்றாண்டுக்கு மேல் புத்தகத்தில் உறங்கிக் கிடந்த அந்தப் பிரிவுகள், ஓர் ஓலைப்பெட்டிக்குள் அடுக்கிய இன்லண்ட் லெட்டர்களாக 1983இல் என் மேசைக்கு வந்து சேர்ந்தன.

அப்போது நான் பாளையங்கோட்டையில், திருநெல்வேலி மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்துகொண்டிருந்தேன். பெட்டியைக் கொண்டுவந்தவர் நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பியிருந்தது. திருமணம் ஆகவில்லை. பனைமரங்கள் சூழ்ந்த ஒரு தேரிக்காட்டுக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அவர் பெயரையும் ஊரையும் இங்கே நான் எழுதப்போவதில்லை. வழக்கில் ஜெயித்தவர் அவர் என்றாலும், தோற்றவர் அவருடைய சொந்த அண்ணன். அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் இன்றும் அதே ஊரில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறார்கள்.

குடும்பத்தில் மூன்று பிள்ளைகள். மூத்தவர் அண்ணன், நடுவில் இவர், கடைசியாகத் தம்பி. தகப்பனார் பனையேறி. மரத்திலிருந்து விழுந்து இறந்தபோது கடைக்குட்டிக்கு ஆறு வயது. அம்மாவைப் பெற்ற தாத்தா தன் சொத்தைப் பேரன்மார் இருவருக்கும் தனித்தனியே எழுதிவைத்தார். ஊருக்கு மேற்கே இருந்த நிலம் மூத்தவனுக்கு. பனைகளும் ஒரு கிணறும் இருந்த ஒன்றரை ஏக்கர் விளையும் அதை ஒட்டிய வீடும் இளையவனுக்கு. பேத்திக்கு எதுவும் இல்லை. கட்டிக்கொடுக்கப்போகிற பெண்ணுக்கு எதற்கு நிலம் என்பது அந்தக் காலத்து எண்ணம்.

அந்தப் பேத்திதான் ஓலைப்பெட்டி முடைந்து தம்பியைப் படிக்க வைத்தார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் அவன் பட்டாளத்துக்கு ஆள் எடுத்த இடத்தில் போய் நின்றான். தேர்வாகி, மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இருக்கும் நீலகிரி வெலிங்டனுக்குப் போனான். அது 1969. இந்தியா பாகிஸ்தான் போரின் கடைசி நாட்களில், 1971 டிசம்பர் 16ஆம் தேதி, மேற்கு முனையில் ஷகர்கட் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரைப் போரில் இறந்தான். அன்று மாலைதான் கிழக்கே டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுநாள் இரவு எட்டு மணிக்கு மேற்கிலும் துப்பாக்கிகள் ஓய்ந்தன. இன்னும் ஒரு நாள் தாண்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

அம்மா 1982இல் இறந்தார். அடுத்த ஆண்டே அண்ணன் பாகப்பிரிவினை வழக்குப் போட்டுவிட்டார். சட்டப்படி அவர் கேட்டதில் பிழை சொல்ல முடியாது. அவர்கள் கிறிஸ்தவக் குடும்பம். கிறிஸ்தவர் ஒருவர் திருமணமாகாமல், உயிலும் எழுதாமல் இறந்து, தந்தையும் உயிரோடு இல்லையென்றால், தாயும் உடன்பிறந்தவர்களும் சம பங்கு பெறுவார்கள். தாயும் போய்விட்டபின் அவர் பங்கு பிள்ளைகளுக்கு வரும். ஆக, விளையிலும் வீட்டிலும் அண்ணனுக்குப் பாதி, தங்கைக்குப் பாதி. விளையின் நடுவே கயிறு பிடித்தால் கிணறு அண்ணன் பக்கம் போகும். வீட்டையும் பிரிக்க வேண்டிவரும். நடக்கச் சிரமப்படும் அந்தப் பெண்ணுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

“தம்பி எனக்குன்னு எழுதியிருக்கான் சார்” என்றார். எங்கே என்று கேட்டேன். ஓலைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

பத்தொன்பது கடிதங்கள் இருந்தன. வழக்குக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான். ஆனால் அத்தனையையும் நான் படித்தாக வேண்டும். ஒருவனுடைய கையெழுத்தையும் மனத்தையும் நீதிமன்றத்துக்குக் காட்டுவதற்கு அவன் எழுதிய மற்றக் கடிதங்களைவிட நல்ல சாட்சியம் வேறில்லை.

முதல் கடிதங்கள் வெலிங்டனிலிருந்து வந்தவை. கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கும் அக்காவுக்கும் என்று தொடங்கி, ‘இப்பவும் நான் இங்கு சுகம், அதுபோல் உங்கள் சுகத்துக்குப் பதில் போடவும்’ என்று போகும். பிறகுதான் பையன் பேசத் தொடங்குவான். காலை நான்கு மணிக்குத் தண்ணீர் கையை அறுக்கிறது. பூட்ஸ் காலைக் கடித்துவிட்டது. சப்பாத்தியை மூன்று வேளையும் தின்ன முடியவில்லை. ஒருமுறை சோறு போட்டார்கள், எல்லோரும் இரண்டாம் தடவை வரிசையில் நின்றோம். ஹிந்தி கொஞ்சம் வருகிறது, திட்டுவது எல்லாம் புரிகிறது.

பயிற்சி முடிந்து பட்டாலியனில் சேர்ந்தபின் கடிதங்களின் போக்கு மாறுகிறது. மணியார்டர் வந்ததா, எத்தனை ரூபாய் கையில் கொடுத்தார்கள் என்று கேட்கிறான். கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் நிற்கிறது, இந்த வருஷம் பதநீர் எப்படி, கருப்பட்டி என்ன விலை போகிறது என்று ஒன்று விடாமல் விசாரிக்கிறான். கோயிலில் அசன விருந்துக்குத் தன் பெயரில் அரிசி கொடுக்கச் சொல்கிறான். அண்ணன் குழந்தைக்குப் பெயர் வைத்தாயிற்றா, அண்ணனுக்கு வயிற்றுவலி சுகமா என்று ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் இருக்கிறது. இதை நான் குறித்துவைத்துக்கொண்டேன். அண்ணன்மேல் பகை வைத்து அவரை ஒதுக்கியவன் எழுதும் கடிதங்கள் அல்ல அவை.

1971 அக்டோபர் முதல் ஊர்ப்பெயர் மறைந்துவிடுகிறது. முகவரியாக அவனுடைய எண்ணும் பெயரும் படைப்பிரிவும், அடியில் ‘56 ஏ.பி.ஓ.’ என்பதும்தான். ராணுவத் தபால் அப்படித்தான் இயங்குகிறது. சிப்பாய் எங்கே இருக்கிறான் என்று வீட்டுக்குத் தெரியாது. எல்லாக் கடிதமும் ராணுவத்தின் மையத் தபால் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து களத்தில் இருக்கும் தபால் நிலையங்களுக்குப் பிரியும். களத் தபால் நிலையத்தின் முத்திரையில் எண் மட்டுமே இருக்கும், ஊர் இருக்காது. ‘எங்க இருக்கேன்னு கேக்காதீங்க, கோதுமையும் கரும்பும் நிக்கிற ஊர், மண்ணைப் பாத்தா நம்ம வயக்காடு மாதிரி இருக்கு’ என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான்.

வழக்கின் உயிர்நாடியான கடிதம் 30.11.1971 என்று தேதியிட்டது. உள்ளே வழக்கமான சங்கதிகள்தான். கிறிஸ்மஸுக்கு லீவு கிடைக்காது, அம்மாவுக்குச் சேலை எடுக்கப் பணம் அனுப்பியிருக்கிறேன், அக்காவும் ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். இடமெல்லாம் நிறைந்து, அடியில் பெயரெழுதிக் கையொப்பமும் இட்டிருக்கிறான். மடித்து ஒட்டியும்விட்டான். அதன்பிறகு வெளிப்பக்கத்தில், அனுப்புநர் முகவரிக்கு மேலே மிச்சமிருந்த வெற்றிடத்தில், நெருக்கி நெருக்கி இன்னும் சில வரிகள்:

“அக்கா, தாத்தா எனக்கு எழுதி வச்ச விளையும் வீடும் உனக்குத்தான். நான் வராமப் போனா அண்ணன்ட்ட சொல்லிரு, அண்ணனுக்கு மேக்க இருக்கு, இதுல பங்கு கேக்கக் கூடாது. அம்மா இருக்கமட்டும் அம்மா அனுபவிக்கட்டும். இப்ப கிளம்புதோம்.”

இந்த வரிகளுக்குத் தேதி இல்லை. கையொப்பம் இல்லை. சாட்சி இல்லை. சாதாரணக் குடிமகன் ஒருவர் இப்படி எழுதியிருந்தால் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. 63ஆம் பிரிவின்படி அவர் கையொப்பமிட வேண்டும், குறைந்தது இரண்டு பேர் சாட்சிக் கையொப்பம் போட வேண்டும். எழுதியவன் சிப்பாய் என்பதால்தான் வழக்கு உயிரோடு இருந்தது.

சிப்பாய்க்கு ஏன் இந்தச் சலுகை? இது நேற்று முளைத்த சட்டம் அல்ல. ரோமாபுரியில் ஜூலியஸ் சீசர் தன் வீரர்களுக்கு முதன்முதலில் இப்படி ஓர் உரிமையைக் கொடுத்தார் என்று ரோமானியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்து ஆணை இன்னும் ஒரு படி மேலே போகிறது. போரில் சாகும் தறுவாயில் ஒரு வீரன் தன் இரத்தத்தைத் தொட்டுக் கேடயத்திலோ வாளுறையிலோ எழுதினாலும், வாள் நுனியால் மண்ணில் கீறினாலும் அது அவன் உயில். இங்கிலாந்தில் 1837ஆம் ஆண்டின் உயில்கள் சட்டம் இந்த மரபைக் காப்பாற்றியது. 1865இல் இந்தியாவுக்கென்று இயற்றிய வாரிசுரிமைச் சட்டத்திலும் இது இடம்பெற்றது. அதுவே 1925ஆம் ஆண்டுச் சட்டத்தில் 65, 66 என்று எண் பெற்றது. பள்ளத்தில் பதுங்கியிருப்பவனிடம் போய், வக்கீலைப் பார், முத்திரைத்தாள் வாங்கு, இரண்டு சாட்சியைக் கூட்டி வா என்று எந்த அரசும் சொல்ல முடியாது. உயிரைக் கேட்கிற நாடு, அவன் வார்த்தையை நம்புவதற்காவது கடமைப்பட்டிருக்கிறது. இந்தப் பிரிவுகளின் அறம் இதுதான் என்று நான் அன்றும் வாதாடினேன், இன்றும் நம்புகிறேன்.

ஆனால் பாகப்பிரிவினை வழக்கில் இந்தக் கடிதத்தை நேரடியாகக் காட்டிப் பதில் சொல்ல வழியில்லை. கிறிஸ்தவர் எழுதிய உயிலின் பேரில் உரிமை கோருவதற்கு முன்னால் நீதிமன்றத்தில் அந்த உயிலை மெய்ப்பித்து அங்கீகாரம் பெற வேண்டும் என்று அன்று 213ஆம் பிரிவு விதித்திருந்தது. வாதியானாலும் பிரதிவாதியானாலும் இந்தத் தடை பொருந்தும் என்று ஹேம் நோலினி ஜூடா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்திருந்தது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு இதிலிருந்து விலக்குக் கிடைத்தது 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். எனவே கடிதத்தை உயிலாக இணைத்து, சொத்தை நிர்வகிக்கும் உரிமை ஆவணம் கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தோம். அது முடியும்வரை பாகப்பிரிவினை வழக்கை நிறுத்திவைக்கக் கேட்டுக்கொண்டோம். அண்ணன் எதிர்த்து வந்ததால் எங்கள் மனு அசல் வழக்காகவே மாறி விசாரணைக்கு வந்தது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கெட்டிக்காரர். நான்கு கணைகள் தொடுத்தார். அந்த வரிகள் பிற்பாடு யாரோ சேர்த்து எழுதியவை. உண்மையாகவே அவன் எழுதியிருந்தாலும், அது பாசத்தில் சொன்ன வார்த்தையே தவிர உயில் அல்ல. உயிலாகவே இருந்தாலும், எழுதியபோது போர் தொடங்கியிருக்கவில்லை. எல்லாம் சரியென்றாலும், பன்னிரண்டு ஆண்டு வாய் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது எடுத்துவருவது ஏன்?

முதல் கேள்வியில்தான் வழக்கின் தலைவிதி இருந்தது. முப்பது ஆண்டு கடந்த ஆவணமென்றால் அன்று நடைமுறையில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி நீதிமன்றமே அதன் உண்மையை ஊகித்துக்கொள்ளலாம். இந்தக் கடிதத்துக்கு அந்த வயது ஆகவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் நாங்கள்தான் மெய்ப்பிக்க வேண்டும்.

கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அந்த நாளில் கடிதத்தின் முன்பக்கத்தில் அனுப்பிய நிலையத்தின் முத்திரையும், பின்பக்கத்தில் பட்டுவாடா செய்யும் நிலையத்தின் முத்திரையும் விழும். எங்கள் கடிதத்தின் முன்பக்கத்தில் களத் தபால் நிலையத்தின் முத்திரை டிசம்பர் 5. பின்பக்கத்தில் ஊர்த் தபால் நிலையத்தின் முத்திரை டிசம்பர் 14. அந்தப் பின் முத்திரையின் வட்டம் தம்பி எழுதிய வரிகளின்மேல், ‘அம்மா இருக்கமட்டும்’ என்ற இடத்தில் குத்தியிருந்தது. எழுத்து அடியில், முத்திரை மேலே என்று காட்ட முடிந்தால், அந்த வரிகள் 1971 டிசம்பர் 14க்கு முன்பே அங்கே இருந்தன என்பதை எவரும் மறுக்க முடியாது. அரசுத் தடய அறிவியல் துறைக்கு அனுப்பினோம். பேனா மையின்மேல் முத்திரை மை படிந்திருக்கிறது, வரிகளின் கையெழுத்தும் மற்றப் பதினெட்டுக் கடிதங்களின் கையெழுத்தும் ஒருவருடையவையே என்று அறிக்கை வந்தது.

அறிக்கையை மட்டும் நம்பி நான் நீதிமன்றம் ஏறவில்லை. நிபுணர் சொல்வது ஒரு கருத்து, அவ்வளவுதான். கண்ணால் கண்ட மனிதர் வேண்டும். சிப்பாயின் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். “பகலில் நீங்கள் ஓலை வாங்கப் போயிருக்கும்போது கடிதம் வந்தால் அம்மாவுக்கு யார் படித்துச் சொல்வார்கள்?” என்று கேட்டேன். “போஸ்ட்மேன் மாமாதான்” என்றார்.

அந்தத் தபால்காரர் ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருந்தார். சம்மன் போனதும் வெள்ளை வேட்டி சட்டையோடு விடியற்காலையே நீதிமன்ற வாசலுக்கு வந்துவிட்டார். கூண்டில் ஏறியதும் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதலில் வெளிப்பக்கத்தைத்தான் பார்த்தார். “இதைத் திண்ணையில உக்காந்து நான்தான் அந்த அம்மாவுக்குப் படிச்சுச் சொன்னேன். பிரிக்கதுக்கு முந்தியே வெளிய எழுதியிருந்ததைப் படிச்சேன். அந்த அம்மா அழுதுட்டு, உள்ள என்ன எழுதியிருக்கான் படிங்கன்னு சொன்னாங்க” என்றார்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். “உங்கள் சர்வீஸில் எத்தனை ஆயிரம் கடிதம் கொடுத்திருப்பீர்கள்?”

“கணக்கே கிடையாது ஐயா.”

“எத்தனை பேருக்குப் படித்துக் காட்டியிருப்பீர்கள்?”

“ஊர்ல பாதிப் பேருக்கு.”

“அப்படியிருக்க, பதினான்கு வருஷத்துக்கு முன் வந்த இந்த ஒரு கடிதம் மட்டும் உங்களுக்கு எப்படி நினைவிருக்கிறது?”

“அந்த வீட்டுக்கு நான் படிச்சுக் கொடுத்த கடைசிக் கடிதம் ஐயா இது. அடுத்து நான் கொண்டுபோனது தந்தி.”

வேறு கேள்வி இல்லை என்று அவர் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பதிலை நீதிபதி தம் கைப்படக் குறித்துக்கொண்டார்.

இரண்டாவது கேள்வி, இது உயிலா வெறும் பேச்சா என்பது. உயில் எழுதுகிறேன் என்ற சொல்லையே அவன் பயன்படுத்தவில்லை என்றார்கள். பயன்படுத்த வேண்டியதில்லை. தன் மரணத்துக்குப்பின் தன் சொத்து இன்னாருக்குச் சேர வேண்டும் என்ற எண்ணம் அந்த வார்த்தைகளில் இருந்தால் போதும். முதல் உலகப் போர்க் காலத்தில் ஓர் இளம் அதிகாரி தனக்கு நிச்சயித்த பெண்ணிடம், குண்டு பட்டால் தன்னுடையதெல்லாம் அவளுக்கே என்று வாய்ப்பேச்சாகச் சொன்னதையே இங்கிலாந்து நீதிமன்றம் உயில் என்று ஏற்றது. எங்கள் சிப்பாயின் நாலு வரியில் அதைவிடத் தெளிவு இருக்கிறது. என்ன சொத்து என்று சொல்கிறான். யாருக்கு என்று சொல்கிறான். எந்த நிலையில் என்று சொல்கிறான். அம்மாவுக்கு வாழ்நாள் அனுபவம், பிறகு அக்காவுக்கு முழு உரிமை என்று வரிசை வைக்கிறான். அண்ணனை ஏன் விடுகிறான் என்பதற்குக் காரணமும் தருகிறான். இருபத்திரண்டு வயதில், புறப்படும் அவசரத்தில் அவன் எழுதிய அளவுக்குக் கச்சிதமான உயில்களை அனுபவசாலிகள் எழுதியும் நான் அதிகம் கண்டதில்லை.

இராணுவப் பதிவேட்டில் அவன் அம்மாவைத்தான் வாரிசாக நியமித்திருந்தான், அக்காவை அல்ல என்பதையும் எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டியது. நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கைதான், சொத்தின் உரிமையாளர் அல்ல என்று ஆயுள் காப்பீட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அப்போதுதான் தெளிவாக்கியிருந்தது. சர்பதி தேவி வழக்கு அது. அந்த வாதம் நிற்கவில்லை.

மூன்றாவதுதான் சட்டப்படி சிக்கலானது. போர் வெடித்தது டிசம்பர் 3 மாலை, பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களைத் தாக்கியபோது. உள்கடிதத்தின் தேதி நவம்பர் 30. களத் தபால் முத்திரை டிசம்பர் 5. வெளிவரிகள் இடையில் எந்த நாளில் எழுதப்பட்டவை என்று சொல்ல எவரும் இல்லை. டிசம்பர் 2ஆம் தேதி எழுதியிருந்தால் அவன் ‘உண்மையான போரில் ஈடுபட்டிருந்த’ சிப்பாயா என்று கேட்டார்கள்.

வெலிங்டன் பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு சுபேதார் ஆவணங்களோடு வந்து சாட்சி சொன்னார். அவனுடைய பட்டாலியன் அக்டோபரிலேயே எல்லையை நோக்கி நகர்த்தப்பட்டு, களப்பணியில் நிறுத்தப்பட்டிருந்தது. நான் சட்டத்தையே திறந்து காட்டினேன். 65ஆம் பிரிவு, ‘உண்மையான போரில் ஈடுபட்டவன்’ என்று மட்டும் சொல்லவில்லை. ‘படை நடவடிக்கையில் அமர்த்தப்பட்டவன்’ என்றும் சொல்கிறது. பிரிவின் கீழுள்ள எடுத்துக்காட்டுகளில் ஒன்று, கலகக்காரர்களை எதிர்த்துக் களத்தில் பணிபுரியும் சிப்பாயும் போரில் ஈடுபட்டவனே என்கிறது. கலகத்தை அடக்க எந்த நாடும் போர்ப் பிரகடனம் செய்வதில்லை. ஆகவே பிரகடனம் அளவுகோல் அல்ல. அறிவித்த போர் எதுவும் இல்லாத வட அயர்லாந்தில் ரோந்தின்போது சுடப்பட்ட சிப்பாய் வாய்மொழியாகச் சொன்னதை உயிலென்று ஏற்ற ஜோன்ஸ் வழக்கின் தீர்ப்பு சில ஆண்டுகளுக்கு முன்னால்தான் வந்திருந்தது. கனடாவில் பயிற்சியில் இருந்த விமானப்படை வீரருக்கே இந்தச் சலுகை உண்டென்று 1949இல் டென்னிங் பிரபு உள்ளிட்ட அமர்வு கூறிய விங்ஹாம் வழக்கும் இருந்தது. இங்கிலாந்துச் சட்டத்தின் சொற்கள் நம்முடையவற்றிலிருந்து சற்று வேறு என்பதையும் நானே நீதிபதியிடம் சொன்னேன். ஆனால் நோக்கம் ஒன்றே. எதிரியின் எல்லைக்கு எதிரே ஆயுதத்தோடு நிறுத்தப்பட்ட ஒருவன், ‘இப்ப கிளம்புதோம்’ என்று எழுதுகிறான். அந்த நிமிஷத்துக்காகத்தான் இந்தப் பிரிவு பிறந்தது.

நான்காவது கேள்விக்கு, ஏன் இத்தனை ஆண்டு மௌனம் என்பதற்கு, கடிதமே பதில் சொன்னது. அம்மா இருக்கும்வரை அம்மா அனுபவிக்க வேண்டும் என்பது தம்பியின் வார்த்தை. அம்மா 1982வரை அனுபவித்தார். அக்கா அந்த வார்த்தையைக் காத்தார். உரிமையை யாரும் மறுக்காதபோது நீதிமன்றத்துக்கு வரவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

அண்ணனை நான் குறுக்கு விசாரணை செய்தேன். அவரை அவமானப்படுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. அவரிடம் ஏழெட்டுக் கடிதங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்து, அவருடைய வயிற்றுவலியை விசாரித்திருந்த இடங்களைப் படிக்கச் சொன்னேன். இவை யார் எழுத்து என்றேன். தம்பி எழுத்து என்றார். கடைசியாக வழக்குக் கடிதத்தின் வெளிப்பக்கத்தைக் கொடுத்தேன். அவர் வக்கீல் ஆட்சேபிக்க எழுந்தார். அதற்குள் அவரே, “இதுவும் தம்பி எழுத்துதான்” என்று சொல்லிவிட்டார். அவருக்கும் கடன் இருந்தது, கட்டிக்கொடுக்க வேண்டிய பெண் பிள்ளைகள் இருந்தார்கள். நெருக்கடியில் வழக்குப் போட்டவர், தம்பியின் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல மனமில்லாதவர். அவரை நான் மதிக்கிறேன்.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. வெளிப்பக்க வரிகள் 66ஆம் பிரிவின்படி செல்லத்தக்க சலுகை உயில், முழுவதும் எழுதியவரின் கைப்பட அமைந்ததால் கையொப்பமோ சாட்சியோ தேவையில்லை, எழுதிய நாள் டிசம்பர் 3க்கு முன்னா பின்னா என்பது பொருட்டல்ல என்று நீதிபதி எழுதினார். உயில் இணைத்த நிர்வாக உரிமை ஆவணம் அக்காவுக்குக் கிடைத்தது. அண்ணன் மேல்முறையீடு செய்யவில்லை. பாகப்பிரிவினை வழக்கையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. இப்படி அங்கீகாரம் பெற்ற உயிலின் அசலை நீதிமன்றமே தன் ஆவணங்களோடு வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்கிறது 294ஆம் பிரிவு. கட்சிக்காரருக்குச் சான்றிட்ட நகல்தான் கிடைக்கும். “கடிதத்தைத் திருப்பித் தருவாங்களா சார்?” என்று அவர் கேட்டபோது நான் இதை விளக்கினேன். பனை விளையைப் பற்றிக்கூட அவர் அத்தனை கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. உள்ளே இருக்கும் கடிதம் உயில் அல்லவே, அதையாவது கொடுக்கலாமே என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டும் ஒரே தாள். நீதிமன்ற அனுமதியோடு இருபக்கமும் புகைப்படம் எடுத்துக் கொடுத்தேன். மீதிப் பதினெட்டுக் கடிதங்கள் அவர் வீட்டுக்குத் திரும்பிப் போயின.

இந்த வழக்கை இத்தனை ஆண்டு கழித்து எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தப் பையன் இந்துக் குடும்பத்தில் பிறந்திருந்தால் இதே கடிதத்தை வைத்து இவ்வளவு உறுதியாக நான் வாதாடியிருக்க முடியாது. வாரிசுரிமைச் சட்டத்தின் உயில் பிரிவுகளில் எவை இந்துக்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், சமணர்களுக்குப் பொருந்தும் என்று மூன்றாம் அட்டவணை பட்டியலிடுகிறது. அதில் 63 இருக்கிறது. 65உம் 66உம் இல்லை. 1870இல் இந்து உயில்கள் சட்டம் இயற்றியபோதே சலுகை உயில் பிரிவுகளைச் சேர்க்காமல் விட்டார்கள். 1925இல் எல்லாவற்றையும் தொகுத்தபோதும் அந்த விடுபடல் அப்படியே தொடர்ந்தது. போரில் இருக்கும் சிப்பாயை 63ஆம் பிரிவு தன் விதியிலிருந்து விலக்குகிறது. அவனுக்கு வேறு வழிசொல்லும் 65உம் 66உம் இந்துச் சிப்பாய்க்குத் திறக்கவில்லை. நடுவில் நிற்கும் அவன் உயில் எந்த விதியின்படி செல்லும் என்பதை அவன் குடும்பம்தான் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி வாதாட வேண்டும். ஒரே பள்ளத்தில், ஒரே இரவில், பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுதிய இரண்டு சிப்பாய்களில் ஒருவன் வார்த்தையைச் சட்டம் உடனே ஏற்கிறது, மற்றவன் வார்த்தையைக் கேள்விக்குள்ளாக்குகிறது. மூன்றாம் அட்டவணையில் இரண்டு எண்களைச் சேர்த்தால் தீர்ந்துவிடும் குறை இது. நாடாளுமன்றம் அதைச் செய்ய வேண்டும்.

அதுவரை, பட்டாளத்தில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். உங்கள் பிள்ளை லீவில் வரும்போது, எந்த மதத்தவராக இருந்தாலும், இரண்டு சாட்சிகளை வைத்து முறையாக ஓர் உயில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, வெள்ளைத்தாளே போதும். அவர் அனுப்பிய கடிதங்கள் இருந்தால் மேலுறையைக் கிழித்து எறியாதீர்கள், முத்திரையோடு அப்படியே வையுங்கள். இன்று கைபேசியில் வரும் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். களத்திலிருந்து வரும் ஒவ்வொரு வரியும் நாளை ஒரு குடும்பத்துக்குச் சட்டத்தின் முன் அவர் பேசும் குரலாக இருக்கலாம்.